நாலு கோடு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் வேலை செய்கிறவள், தன் கண்ணாடியையே வருஷத்துக்கு நாலைந்து தடவை உடைத்துக்கொண்டு வந்து நின்றால், கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். ‘உடைசல்’ என்று பெயரும் வைத்தார்கள். இன்றைக்குக் கதவா, மாடிப்படியா, பஸ் கம்பியா என்று கேட்பார்கள். அவளும் சளைக்காமல் ஏதாவது ஒன்றைச் சொல்வாள். கதவுகள் பொதுவாக ஐந்து விரல் பதிகிற மாதிரி யாரையும் இடிப்பதில்லை என்பது அவர்களுக்கும் மெல்ல மெல்லப் புரிந்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே கூட்டித் துடைக்க வந்தவள் அவள். பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். வட்டமாக வரும் வில்லையில் நடுப்புள்ளி வைத்து, இயந்திரத்தில் பூட்டி, தண்ணீர் சொட்டச் சொட்டச் சக்கரத்தில் விட்டு, பிரேமின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஓரத்தைக் கையால் இழைக்க வேண்டும். பிரேமைச் சூடு காட்டி இளக்கி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. அழுத்தம் கூடினால் வில்லை சில்லு விடும், குறைந்தால் ஆடும். அவள் பொருத்தியது ஆடி யாரும் திரும்பி வந்ததில்லை. தன் கண்ணாடியையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே சரி செய்துகொள்வாள். கோணிய கம்பியை நிமிர்த்தி, புது வில்லை போட்டு, மூக்கில் மாட்டிக்கொண்டு திரும்ப வேலைக்கு உட்கார்ந்துவிடுவாள். முகத்துக்கும் அப்படி ஒரு வழி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புருஷன் கார் பட்டறையில் டிங்கர். இடிபட்டு நசுங்கி வரும் கதவுக்கும் மூடிக்கும் உள்பக்கம் ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துகிற வேலை. எப்பேர்ப்பட்ட வண்டியையும் புதுசு மாதிரி ஆக்கிவிடுவான், கைராசிக்காரன் என்று பெயர். பெண் பார்க்க வந்த அன்று குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். அமைதியான பையன், வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் சொன்னார்கள். வாய் இல்லைதான். கை இருந்தது. பகல் முழுக்க ஊரார் வண்டியில் நெளிவு எடுத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நெளிவு வைப்பான்.

கல்யாணமான புதிதில் அடிக்கு ஒரு காரணமாவது இருக்கும். சாப்பாடு ஆறிவிட்டது, சட்டையில் பொத்தான் இல்லை, எதிர்வீட்டுக்காரன் ஏன் இந்தப் பக்கம் பார்த்தான். போகப் போகக் காரணம் தேடுகிற சிரமத்தையும் விட்டுவிட்டான். கன்னத்தில் அறைவான். முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதுவான். கீழே விழுந்தால் விலாவில் மிதிப்பான். ஒரு தடவை இடது கைச் சுண்டுவிரலைப் பின்பக்கமாக வளைத்து ஒடித்தான். அது இன்றைக்கும் மடங்காது. அடித்து முடித்ததும் அவனுக்குப் பசி வந்துவிடும். தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பாவி, ஒரு நாளாவது ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டிருப்பானா.

இந்த வீட்டுக்குள்தான் பாட்டு வந்தது. பட்டறையில் கூட வேலை செய்கிறவனுடைய சின்னப் பாட்டுப் பெட்டி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டு, அதன் வயரைக் காதில் மாட்டியபடியே புருஷன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தலை மட்டும் ஆடியது. அன்றைக்கு அடி இல்லை. மறுநாளும் இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு வாங்கினாள், இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்து. அவன் நல்ல மனநிலையில் இருந்த ஒரு காலையில் தானாகவே சொன்னான்: “காதுல பாட்டு ஓடினா, தலைக்குள்ள அந்தச் சுத்தியல் சத்தம் நின்னுடுது.”

டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்த மாதிரி அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அடிக்கிறவன் இவனில்லை, இவன் தலைக்குள் இருக்கிற சத்தம். சத்தத்தை நிறுத்தினால் அடி நின்றுவிடும். வெளியே இருந்து கேட்டால் சிரிப்பு வரும். சுவரில் தலை மோதுபட்டவளுக்குச் சிரிப்பு வராது. இதற்கு ஒரு மருந்து இருக்கிறது என்று யார் சொன்னாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

போனில் கேட்டால் போதாதா என்றால், போதாது. அதையும் பார்த்தாகிவிட்டது. நல்ல பாட்டுக்கு நடுவில் எவளோ வந்து சோப்பு வாங்கச் சொல்வாள். வண்டி எப்போது கிடைக்கும் என்று வாடிக்கைக்காரன் கூப்பிடுவான். ஒரு தடவை வெளியூரில் இருக்கும் அவளுடைய அக்கா கூப்பிட்டாள், தங்கச்சி நல்லா இருக்காளா என்று. அந்தப் போன் சுவரில் மோதிச் சிதறியது. அடுத்து மோதியது தங்கச்சி. ஆகவே யாரும் கூப்பிட முடியாத, யாரும் நடுவில் பேசாத, பாட்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத ஒரு பெட்டி வேண்டும். பழைய பொருள் விற்கிற கடை ஒன்றில் தேடி அப்படி ஒன்றை வாங்கி வந்தாள்.

அந்தப் பெட்டியின் மூலையில் பேட்டரி படம் போட்டு நாலு கோடு இருக்கும். அவளும் அவளுடைய பெண்ணும் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் குடும்பம் நடத்தினார்கள். நாலு கோடு என்றால் பேசலாம், பள்ளிக்கூடத்துக் கதை சொல்லலாம், பாத்திரம் விழுந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று என்றால் குசுகுசுப்பு மட்டும். இரண்டு என்றால் வாயைத் திறக்காமல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று என்றால் செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்விட வேண்டும். பெண்ணுக்கு எட்டு வயது. தண்ணீர் எடுக்கிற சாக்கில் அப்பாவின் நாற்காலிப் பக்கம் போய், சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பெட்டியை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள். வாய்ப்பாடு சொல்லத் தடுமாறுகிற பிள்ளை, இந்தக் கணக்கில் ஒரு நாளும் தப்பியதில்லை.

பெட்டிதான் தப்பியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது. சார்ஜ் வயரில் இருக்கும் வரைக்கும் நாலு கோடு காட்டும், கழற்றிய கொஞ்ச நேரத்தில் மூன்றாகும், அப்புறம் எந்தக் கோட்டில் சாகும் என்று சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் மூன்று கோடு இருக்கும்போதே அணைந்துவிட்டது. பெண் அப்போது நாற்காலிக்குப் பக்கத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மூன்று கோட்டுக்கு அது அனுமதி உள்ள வேலை. அவன் காதிலிருந்து வயரைப் பிடுங்கினான். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. புறங்கையை வீசினான். பிள்ளை மேஜைக் காலில் போய் மோதிக் குப்புற விழுந்தாள். காதிலிருந்து நூல் மாதிரி ரத்தம் இறங்கியது. இரண்டு நாளைக்கு, “அம்மா, உள்ள ரீங்குன்னு கேட்டுட்டே இருக்கும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டாமா என்று கேட்பது சுலபம். கேட்கிறவர்களின் சுண்டுவிரல் மடங்கும். பிள்ளையின் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு அவள் எடுத்த முடிவு வேறு: இனி ஒரு தடவைகூட அந்தப் பாட்டு நடுவில் நிற்கக் கூடாது. அவளுக்கு எது வேண்டுமானாலும் ஆகட்டும், அந்தச் சின்னக் காதில் இன்னொரு அடி விழக் கூடாது.

மதிய இடைவேளைகளில் கடை கடையாக ஏறி இறங்கினாள். பிஸ்கட் மாதிரி மெலிசாக ஒன்று காட்டினார்கள். கை பட்டால் போதும், படமெல்லாம் ஓடும். பேட்டரி உள்ளேயே வைத்து மூடியது, மாற்ற முடியாது என்றார்கள். வேண்டாம் என்றாள். சட்டையில் குத்திக்கொள்கிற பொடிப் பெட்டி ஒன்று. அதில் திரையே இல்லை. திரை இல்லாவிட்டால் கோடு ஏது? கோடு தெரியாவிட்டால் பிள்ளை எதைப் பார்த்து ஓடுவாள்? வயர் இல்லாத காதுக்கருவியோடு ஒன்று. அந்தக் காதுக்கருவிக்குத் தனியாகச் சார்ஜ் போட வேண்டுமாம். ஒரு பேட்டரியோடு மாரடிப்பது போதாதென்று இன்னும் ஒன்றா? விற்பனைப் பையன் சத்தத்தின் சுத்தத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினான். அவள் மூன்றே கேள்விதான் கேட்டாள்: எவ்வளவு நேரம் ஓடும், கோடு காட்டுமா, திறக்க முடியுமா. அவன் இவளைப் பாட்டுப் பைத்தியம் என்று எடை போட்டிருப்பான். வீட்டுப் பெட்டியில் இருந்த ஒரு பாட்டின் முதல் வரிகூட அவளுக்குத் தெரியாது.

கடைசியில் பழைய பெட்டியையே சரி செய்துவிடலாம் என்று ரிப்பேர் கடைக்குப் போனாள். நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்த நடுவயதுக்காரர், பெட்டியைப் பிளந்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பேட்டரி உப்பிப்போய்ப் பக்கத்தில் இருந்த தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“அடியில பசை போட்டு ஒட்டியிருக்காங்கம்மா. சூடு காட்டித்தான் நெம்பணும். கொஞ்சம் கிழிஞ்சாலும் தீப்பிடிச்சுக்கும். எடுத்தாலும், இதுக்குச் சரியான பேட்டரி இப்ப வர்றதில்ல. வேற ஏதாவது போட்டா எத்தனை நாள் நிக்கும்னு நான் சொல்ல முடியாது.”

ஒரு தடவைகூட நடுவில் நிற்கக் கூடாது என்று அவள் சொன்னாள். அப்படி என்ன, வீட்டில் கச்சேரியா நடக்கிறது என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். அவர் அடி இழுப்பறையைக் குடைந்து, தடியாக ஒரு பழைய மாடலை எடுத்தார். பின்மூடியை நகத்தால் தள்ளினால் நகர்ந்தது. பேட்டரி துள்ளி வெளியே வந்தது. கூடவே உபரியாக இரண்டு பேட்டரி, தனியாக வைத்துச் சார்ஜ் ஏற்ற ஒரு தொட்டில். ஒன்று ஓடும்போது இரண்டு காத்திருக்கும், இது நிற்க வழியே இல்லை என்றார். அவள் அதை வாங்கிக் கையில் வைத்துக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள். அவள் முகத்தில் சந்தோஷம் வந்துவிட்டது.

எந்த மாதிரிப் பாட்டு ஏற்றித் தரட்டும் என்று அவர் கேட்டார். எதுவானாலும் சரி, சத்தமாக இருக்க வேண்டும் என்றாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து, கண்ணாடிக்குக் கீழே அவள் கன்னத்தில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த காயத்தைப் பார்த்தார். பெட்டி கொள்ளும் மட்டும் பாட்டை நிரப்பிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மூன்று கோட்டை யாரும் பார்க்கவில்லை. அவன் பட்டறையிலிருந்து வந்து கரி போகக் கைகழுவும் நேரத்துக்குள் அவள் பின்மூடியைத் தள்ளி, பழையதை எடுத்து, நிறைந்ததைப் போட்டு, சட்டைப்பையில் வைத்துவிடுவாள். தீர்ந்ததைக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போய்த் தேய்ப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவாள். பெண் முதுகுக்குப் பின்னால் தினமும் நாலு விரல்தான் காட்டினாள். கொஞ்ச நாளில் காட்டுவதையே விட்டுவிட்டாள். வீட்டுக்குள் பேச்சு வந்தது. சமையலறை வாசலில் உட்கார்ந்து பிள்ளை வாய் ஓயாமல் கதையடித்தாள். கண்ணாடிக் கடையில், உடைசல் இந்தத் தடவை ரொம்ப நாள் தாங்குது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவளும் நம்பிவிட்டாள். வருஷக்கணக்கில் தன்னை அடித்தது ஒரு கெட்ட பேட்டரிதான் என்று நிஜமாகவே நம்பிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் பிள்ளை தன் கணக்கு டீச்சர் தும்முவதை நடித்துக் காட்டினாள். தும்மலுக்கு முன்னால் மூக்கு சுருங்குவது, கண் செருகுவது, வராமல் போனதும் ஏமாந்து நிற்பது, எல்லாம் கழிந்து வகுப்பைத் திட்டத் தொடங்கும்போது வெடிப்பது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அவளுக்கே தெரியாது.

அவன் அப்போது கண்ணைத் திறந்தான். காதில் பாட்டு. எதிரே பெண்டாட்டியும் மகளும் அவன் பக்கம் பார்த்தபடி வாய் திறந்து குலுங்குகிறார்கள். சிரிப்புச் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் தெரிந்தது. தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று எழுந்தான்.

தண்ணீர் குடிக்க வருகிறான் என்றுதான் அவள் வழிவிட்டு நின்றாள். முதல் குத்து கண்ணாடி மேல் விழுந்தது. வில்லை உடைந்து புருவத்தில் ஏறியது. சுவரைப் பிடிப்பதற்குள் இரண்டாவது. வயர் அவன் காதிலேயே இருந்தது. வழக்கமாகத் திட்டிக்கொண்டே அடிப்பான், அதிலேயே மூச்சு வாங்கிப் பாதியில் நின்றுவிடுவான். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் வேலை செய்கிற மாதிரி நிதானமாக, இடம் பார்த்து, பாட்டின் தாளத்துக்கு அடித்தான். தோளில், முதுகில், தூக்கிய முழங்கையில். அவள் அலறினாள். முன்பெல்லாம் அலறலுக்கு ஒரு பயன் உண்டு. அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடும் என்று ஒரு கட்டத்தில் கையை இறக்குவான். இன்றைக்கு அவள் அலறியது அவனுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. கீழே விழுந்தவளை மிதித்தான். விலா எலும்பு ஒன்று உள்ளே ‘மளுக்’ என்றது. பிள்ளை அவன் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள், செருப்பை உதறுகிற மாதிரி உதறினான். நடுவில் அவன் கை ஓங்கியபடியே கொஞ்சம் நின்றது. ஒரு பாட்டு முடிந்திருந்தது. அடுத்தது தொடங்கியதும் கை இறங்கியது.

பிறகு நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தான். காதில் பாட்டு இருக்கிறவர்கள் பேசுவது மாதிரி, வீடே அதிரச் சொன்னான்: “சாப்பாடு எடுத்து வை.” கண்ணை மூடிக்கொண்டான்.

தரையில் கிடந்தவளுக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இன்றைக்குப் பேட்டரியைச் சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது, என் தப்புதான் என்று. அதைத்தான் நினைத்தாள். பிள்ளை தவழ்ந்து வந்து அவள் காதோரம் வாயை வைத்தாள்.

“அம்மா, நாலு கோடு இருக்கும்மா. நான் பாத்தேன். அடிக்கும்போதும் நாலுதான் இருந்துச்சு.”

வாங்கிய அடி எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பிள்ளையின் குரலில் அழுகைகூட இல்லை, கணக்கு ஏன் தப்பியது என்று கேட்கிற குரல் அது. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. அவன் தலைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவனுக்கு அடிப்பது பிடித்திருக்கிறது, அதனால் அடிக்கிறான், அவ்வளவுதான். அது தெரியாமல் அவள் ஊரெல்லாம் சுற்றி அவனுக்கு நல்ல பேட்டரி தேடியிருக்கிறாள்.

சுவரைப் பிடித்து எழுந்தாள். கதவோரத்தில் அவனுடைய பட்டறைப் பை வாய் திறந்து கிடந்தது. சுத்தியலை உருவினாள். அவன் முதுகு காட்டி உட்கார்ந்து கால் பெருவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி இல்லாமல் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தாலும், பிடரி தெரியாமல் போகிற அளவுக்குச் சின்னதில்லை. நடந்து போய் அவனுக்குப் பின்னால் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவன் அறியாமல் அவ்வளவு பக்கத்தில் அவள் நின்றதே இல்லை. கை தானாக மேலே போனது. அடிக்க வேண்டும் என்று இருந்தது. பாட்டு நிற்காமலே அவன் தலை தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று வெறியாக இருந்தது. இறக்கியிருந்தால் குறை சொல்ல யாருக்கும் வாய் இருந்திருக்காது.

பிள்ளை வந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். வாசல் தாழ்ப்பாள் முரண்டு பிடிக்கிற தாழ்ப்பாள், அதைத் திறக்க ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் பிள்ளை. மூன்றாவது கை அவளுக்கு இல்லை. எதை விடுவது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. குனிந்து வைக்க விலா விடவில்லை, அப்படியே நழுவவிட்டாள். சிமெண்டுத் தரையில் சுத்தியல் விழுந்த சத்தத்துக்கு அடுப்பு மேல் இருந்த தட்டு அதிர்ந்தது. அவன் திரும்பவில்லை. தாழ்ப்பாள் கிறீச்சிட்டுக்கொண்டு விலகியது. அவன் திரும்பவில்லை.

வாசலில் கிடந்த செருப்பில் பழக்கத்தில் அவள் கால் நுழைந்தது. தெருவில் அப்போதுதான் விளக்குப் போட்டிருந்தார்கள். கடைகள் திறந்திருந்தன, ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவள் முகத்தை மறைக்கவில்லை. அக்கா இருக்கிற ஊருக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று, பார்த்தவர்களில் ஒருவரிடமே கேட்டுக்கொண்டாள். அவர் கை காட்டிய பக்கம் நடந்தார்கள். பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் கையை இழுத்தாள்.

“அப்பா வந்துடுவாரும்மா. ஓடலாம்மா.”

ஓட அவளால் முடியாது. மூச்சு விடுவதே குத்தியது. கையைப் பிடித்து நிறுத்தி, பிள்ளையின் வெறும் பாதம் புழுதியாக இருப்பதைப் பார்த்தாள். குனியாமல், தன் செருப்பைக் காலாலேயே கழற்றித் தள்ளி, அந்தச் சின்னக் கால்களை அதில் நுழைத்துக்கொள்ளச் செய்தாள்.

“ஓட வேண்டாம்டா கண்ணு. மெதுவா நடந்தா போதும். நாலு கோடு இருக்குல்ல.”